பூட்டிய கதவுக்குள் திருவருகைக் காலம்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கப்படும் நற்செய்தியில் பெத்லகேம் கிடையாது. குழந்தையும் இல்லை, இடையர்களும் இல்லை. ஒரு வருடம் நோவாவின் வெள்ளம். அடுத்த வருடம், எந்த நேரத்தில் திரும்புவார் என்றே தெரியாத வீட்டுத் தலைவர். அதற்கடுத்த வருடம், கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்கள், கடலின் கொந்தளிப்பு, அச்சத்தில் மயங்கி விழும் மக்கள். மூன்றாண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அழிவையும் விழிப்பையும் பற்றிய பகுதிதான். வெளியே அதற்குள் நட்சத்திர விளக்குகள் ஏறிவிட்டிருக்கும். செமி கிறிஸ்துமஸ் அழைப்பிதழ்கள் வந்திருக்கும், கரோல் பவனிக்கு ஒத்திகை தொடங்கியிருக்கும், பேக்கரியில் கேக்குக்குச் சொல்லி வைத்தாயிற்று. கோயில் நாள்காட்டியும் தெருவும் இந்த நான்கு வாரங்களில் விலகி நிற்கும் அளவுக்கு ஆண்டில் வேறெப்போதும் விலகுவதில்லை.

இந்த விலகலைக் கண்டித்துப் பேசும் பிரசங்கங்களுக்குப் பஞ்சமில்லை. என் அக்கறை வேறு. ஆண்டின் தொடக்கத்திலேயே திருச்சபை ஏன் இடிந்து விழும் உலகத்தைக் காட்டுகிறது? நம்பிக்கையின் பருவம் என்று சொல்லிக்கொண்டு இப்படித் திகிலூட்டுவானேன்? கொள்கை விளக்கங்களில் இதற்கு விடை இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை வாரம் மும்முறை நோன்பு இருக்கச் சொன்னார். பின்னர் ரோமை மரபில் அது நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. நோன்பின் ஊதா நிறம் மட்டும் தங்கிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் பெர்நார்து, கிறிஸ்துவின் வருகை மூன்று என்று விளக்கினார்: மனித உடலில் வந்தது, உள்ளத்தில் வந்துகொண்டிருப்பது, இறுதியில் வரப்போவது. ஆக, இந்தப் பருவம் தொழுவத்தை நோக்கித் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு முன்னோக்கியும் பார்க்கிறது. இவ்வளவும் சரிதான். ஆனால் ஒரு நம்பிக்கை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், வேறெதுவும் கைவசம் இல்லாதவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது. ஜெர்மனியில், ஹம்பர்க்கிலும் பெர்லினிலும், 1839க்கும் 1945க்கும் இடையில் அதற்குத் தெளிவான தடயங்கள் இருக்கின்றன.

முதலில் ஹம்பர்க். யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் இறையியல் படித்துவிட்டு ஞாயிறு பள்ளி ஆசிரியராகச் சேரிகளில் வீடுவீடாக ஏறி இறங்கியவர். பார்த்ததைக் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஒரே அறையில் ஒண்டும் குடும்பங்கள், குடி, திருடிப் பிழைக்கும் பிள்ளைகள். 1833இல், இருபத்தைந்து வயதில், நகருக்கு வெளியே ஹோர்ன் என்ற ஊரில் செல்வர் ஒருவர் கொடுத்த பழைய வீட்டில் இப்படிப்பட்ட பையன்களோடு குடியேறினார். அவருடைய தாயாரும் உடன் வந்தார். ‘ரவ்ஹெஸ் ஹவுஸ்’ என்ற அந்த இல்லத்துக்கு மதில் கிடையாது. இங்கே அகழி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, உன் பழைய கணக்கெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்றுதான் புதிதாக வரும் பையனை வரவேற்பார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குடும்பங்களாகப் பிள்ளைகளைப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘அண்ணன்’ ஒருவரைப் பொறுப்பாக வைத்தார்கள்.

டிசம்பர் வந்தால் பையன்கள் தொணதொணவென்று ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்: கிறிஸ்துமஸ் எப்போது, இன்னும் எத்தனை நாள்? 1839இல் விக்கெர்ன் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன் வட்டத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும், மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளையும் வரிசையாக நிறுத்தினார். அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 1ஆம் தேதி விழுந்தது. மாலை வழிபாட்டில் நாளுக்கு ஒரு திரி கூடுதலாக ஏற்றப்பட்டது. முதல் ஞாயிறு எந்தத் தேதியில் விழுகிறதோ அதைப் பொறுத்துச் சிறிய திரிகளின் எண்ணிக்கை 18 முதல் 24 வரை மாறும். பின்னாளில் சக்கரத்தைப் பச்சைத் தழைகளால் சுற்றினார்கள். சிறிய திரிகள் உதிர்ந்து நான்கு மட்டும் நின்றன. 1925இல் கொலோன் நகரில் அது முதன்முதலாக ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்தது. இன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் பீடத்தருகே மூன்று ஊதாத் திரியும் ஓர் இளஞ்சிவப்புத் திரியுமாக நிற்கிற வளையம் இந்தப் பையன்களின் கேள்விக்குக் கிடைத்த பதில்தான். பழமையான மரபு என்று பலர் நினைப்பதற்கு மாறாக, அதற்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை.

வாக்குக் கொடுத்தவர்களெல்லாம் ஏமாற்றியதையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அப்படிப்பட்டவனிடம் ‘பொறு, நல்லது வரும்’ என்று சொன்னால் எந்த மதிப்பும் இருக்காது. சக்கரம் வாக்கை எண்ணக் கூடியதாக்கியது. ஏற்றிய திரி எத்தனை, மீதி எத்தனை என்று எழுத்தறியாதவனும் சரிபார்த்துக்கொள்ளலாம். பெரியவர்கள் கணக்கை மாற்ற முடியாது. நான் படித்தவரை திருவருகை வளையத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஒளி, இருள் என்ற உருவகத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது இந்த நாணயம்தான்.

விக்கெர்னைப் புனிதராக்க வேண்டிய அவசியமில்லை. 1848இல் புரட்சி வெடித்த ஆண்டில் விட்டன்பெர்க்கில் அவர் ஆற்றிய உரையிலிருந்து ‘உள்நாட்டு மறைப்பணி’ என்ற பேரியக்கம் வளர்ந்தது உண்மை. அதே உரையில் புரட்சியை இறைமறுப்பின் விளைவாகவே அவர் கண்டார். ஏழ்மைக்குக் கூலியும் முதலாளியும் காரணமாக இருக்கலாம் என்பது அவர் பார்வையில் போதிய இடம் பெறவில்லை. அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. தாழ்ப்பாள் இல்லாத வீட்டைக் கட்டிய அதே மனிதர், பின்னர் பிரஷ்ய அரசுப் பணியில் சேர்ந்து சிறைச் சீர்திருத்தத்தில் இறங்கியபோது, கைதியைத் தனியறையில் அடைப்பதே மனந்திரும்புதலுக்கு வழி என்று வாதாடினார். பெர்லின் மொவாபிட்டில், லேர்ட்டர் வீதியில் இருந்த தனியறைச் சிறையில் ரவ்ஹெஸ் ஹவுஸின் அண்ணன்மார் காவலர்களாகப் பணியமர்த்தப்பட்டார்கள்.

அந்தச் சிறைக்கு நாம் திரும்பி வருவோம். 1944இல் அங்கே காவல் செய்தவர்கள் வேறு ஆள்கள்.

நாத்சிகள் திருவருகைக் காலத்தை ஒழிக்கப் பார்க்கவில்லை, அபகரிக்கப் பார்த்தார்கள். 1940களின் தொடக்கத்தில் கட்சியே ‘கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்கள்’ என்ற பொருளில் ஒரு நாள்காட்டி வெளியிட்டது. நாளுக்கு ஒரு பக்கம், பிள்ளைகள் செய்து பார்க்க வேலைகள், நாட்டுப்புறக் கதைகள், போர்முனையில் இருக்கும் அப்பாவை நினைக்க ஒரு பக்கம். கிறிஸ்து மட்டும் அதில் இல்லை. அவருடைய இடத்தில் குளிர்காலச் சூரியனின் மீள்வருகை. காத்திருக்கச் சொல்லும் பழக்கத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பொருளை மாற்றிவிடுவது எவ்வளவு எளிது! 1944 டிசம்பரில் மக்கள் காத்திருக்க வேண்டியது ‘இறுதி வெற்றி’க்கும் அதிசய ஆயுதங்களுக்கும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மாதம் 16ஆம் தேதி மேற்கே ஆர்டென் காடுகளில் கடைசிப் பெருந்தாக்குதலும் தொடங்கியது. ஆக, பெர்லின் சிறைகளில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு எதிரே நின்றது நம்பிக்கையின்மை மட்டுமல்ல. அரசே அன்றாடம் விநியோகித்த இன்னொரு நம்பிக்கையும் நின்றது. நகரம் சாம்பலாகிக் கிடப்பதைப் பார்க்காதே என்பதுதான் அதற்கு ஒரே நிபந்தனை.

டீட்ரிக் போன்ஹோஃபர் இதற்கு ஓராண்டு முன்பே, 1943 ஏப்ரல் 5 முதல், டேகல் சிறையில் இருந்தார். லூத்தரன் போதகர், ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கு கொண்டவர். 1943 நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சிறையறையைத் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டார்: கைதி காத்திருக்கிறான், நம்புகிறான், முக்கியமில்லாத இதையும் அதையும் செய்கிறான்; கதவு மட்டும் பூட்டியே இருக்கிறது, அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அந்த நாள்களில் பெர்லினின் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. முதல் ஞாயிறன்று பெற்றோருக்கு எழுதும்போது ஆல்ட்டோர்ஃபர் தீட்டிய கிறிஸ்து பிறப்பு ஓவியத்தை நினைவுகூர்ந்தார். 16ஆம் நூற்றாண்டு ஓவியம் அது. இடிந்து கிடக்கும் வீட்டின் செங்கல் குவியலுக்கு நடுவில் திருக்குடும்பம். இந்த ஆண்டுக்கு அது பொருத்தமான படம் என்றார். கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்காகச் சில மன்றாட்டுகளும் எழுதிக் கொடுத்தார். பூட்டிய கதவு என்ற அவருடைய ஒப்பீட்டை இப்போது எல்லா மறையுரைகளிலும் கேட்கலாம். ஆனால் அதைச் சொன்னவர் கதவைத் திறக்க முயன்றதற்காகச் சிறை சென்றவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதன் பொருள் முழுமையாகும்.

அவரைப் போர் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோசென்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிட்டார்கள். அவர் பெயர் உலகறிந்தது. அதே டேகல் சிறையில் இருந்த ஆல்ஃபிரட் டெல்ப்பைத் தமிழில் அதிகம் பேர் அறிந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

டெல்ப் 1907இல் மன்ஹைமில் பிறந்தவர். தாய் கத்தோலிக்கர், தந்தை லூத்தரன். பிள்ளைப் பருவத்தில் இரண்டு சபைகளுக்கும் இடையில் இழுபட்டு, பதின்மூன்று வயதில் லூத்தரன் முறையில் திடப்படுத்தப்பட்டு, பிறகு கத்தோலிக்கராகி, 1926இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1937இல் குருவானார். மியூனிக்கில் சபையின் மாத இதழில் பணியாற்றினார். 1941இல் அரசு அதை முடக்கிவிட்டது. பின் போகன்ஹவுசன் பகுதியில் புனித ஜார்ஜ் ஆலயத்தில் பங்குப் பணி. குண்டு விழுந்த வீடுகளின் இடிபாட்டில் இறங்கி ஆள்களைத் தோண்டியெடுக்கும் பாதிரியார் என்று அந்தப் பகுதியில் பெயர். மோல்ட்கே என்ற பிரபுகுலத்து வழக்கறிஞர் கிரைசாவ் பண்ணை வீட்டில் கூட்டிய வட்டத்தில் அவர் சேர்ந்தது 1942இல். ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனியின் சமூக அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்து திட்டமிட்ட வட்டம் அது. 1944 ஜூலை 20ஆம் தேதி ஹிட்லர் மீதான குண்டுவெடிப்பு தோற்றதும் வலை வீசப்பட்டது. ஜூலை 28 காலை, திருப்பலி முடித்த கையோடு டெல்ப் கைதானார். பெர்லினில் முதலில் கொண்டுபோனது விக்கெர்னின் அண்ணன்மார் ஒருகாலத்தில் காவல் செய்த லேர்ட்டர் வீதிச் சிறைக்கு. அங்கே அடித்து விசாரித்தார்கள். செப்டம்பர் இறுதியில் டேகலுக்கு மாற்றினார்கள்.

கைகளில் விலங்கு. அந்த விலங்கோடுதான் எழுதினார். 1944 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அந்த வாரங்களில் துண்டுத் தாள்களில் அவர் எழுதிய தியானங்கள்தான் கிறிஸ்தவ உலகம் இன்றும் எடுத்து வாசிக்கும் திருவருகைச் சிந்தனைகளில் மிகக் கடினமானவை. அவருடைய அடிப்படை வாதம் இது: திருவருகை என்பது மனிதன் உலுக்கப்படும் காலம். உலுக்கலுக்கு முன் ஆறுதல் பேசுகிறவன் பொய் சொல்கிறான். தான் கட்டிய உலகம் நிலையானது என்ற மயக்கம் கலையாதவனுக்கு வரவிருப்பவர் தேவைப்படுவதே இல்லை. இந்தக் காலத்துக்குரிய உருவங்களாக மூவரை அவர் முன்னிறுத்துகிறார். பாலைவனத்தில் கூவும் யோவான், நற்செய்தியைக் கொண்டுவரும் தூதர், கருவுற்ற மரியா. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கூவல், பிறகு செய்தி, பிறகுதான் சுமத்தல். முதல் ஞாயிற்று வாசகங்களில் வரும் இடிந்த உலகத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த உரைநூலிலும் காணவில்லை.

இதைப் படித்துவிட்டு டெல்ப்பை எதற்கும் அசையாத மகானாகக் கற்பனை செய்தால் அவருடைய கடிதங்கள் அதை உடைத்துவிடும். அவர் உயிரோடு வெளியே வர ஆசைப்பட்டார். வழக்கு தள்ளிப்போகுமா, கருணை மனு பலிக்குமா என்று கணக்குப் போட்டார். சில நாள் துணிவு, சில நாள் வயிற்றைக் கலக்கும் பயம். சபையை விட்டு விலகினால் விடுதலை என்று நாத்சி இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ ஆசை காட்டியபோது மறுத்தார். டிசம்பர் 8, அமலோற்பவ அன்னை திருநாள் அன்று, சக இயேசு சபைக் குரு ஒருவர் சிறைக்கு வந்து நிற்க, அவர் முன்னிலையில் தம் இறுதி வாக்குறுதிகளைக் கொடுத்தார். சாவை எதிர்நோக்கியிருப்பவர் ‘வாழ்நாள் முழுவதும்’ என்று வாக்குக் கொடுத்தார்! ஜனவரி 9 முதல் 11 வரை நாத்சிகளின் ‘மக்கள் நீதிமன்ற’த்தில் நீதிபதி ஃப்ரைஸ்லர் முன் விசாரணை. தீர்ப்பு மரணம். அதற்குப் பிறகும், நண்பர் வீட்டில் அப்போதுதான் பிறந்து தம் பெயர் சூட்டப்பட்ட குழந்தைக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா அன்று, பெர்லினின் ப்ளோட்சென்சே சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சாம்பலுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. தீர்ப்பளித்த ஃப்ரைஸ்லர் மறுநாள் குண்டுவீச்சில் செத்தார்.

உயிராசையும் இறைநம்பிக்கையும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் ஒரே அறையில் இருந்தன என்பதுதான் டெல்ப் விட்டுச்சென்ற சான்று. ‘விடுதலையாவேன்’ என்பது ஒரு கணிப்பு. அது பொய்க்கலாம், பொய்த்தது. கணிப்பு பொய்த்த இடத்தில் எஞ்சி நின்றதுதான் நம்பிக்கை.

இந்தத் தாள்கள் எப்படி வெளியே வந்தன? அழுக்குத் துணி மூட்டையில். மரியன்னெ ஹாபிக், மரியன்னெ ப்யூண்டர் என்ற இரண்டு பெண்கள், சமூகப் பணியாளர்கள், கைதிகளின் துணியை வாங்கித் துவைத்துக் கொடுக்கும் சாக்கில் சிறை வாசலுக்கு வந்துபோனார்கள். உள்ளே போகும் மூட்டையில் அப்பமும் துளி திராட்சை இரசமும். அதை வைத்து டெல்ப் விலங்கிட்ட கைகளால் தம் அறையில் திருப்பலி நிறைவேற்றினார். வெளியே வரும் மூட்டையில் தியானங்கள், கடிதங்கள். பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தாள்கள் 1947இல் ‘சாவின் முன்னிலையில்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின.

அதே சிறையில் பணிபுரிந்த லூத்தரன் சிறைப்போதகர் ஹரால்ட் பெல்ஷாவ் செய்ததும் இதே போன்ற வேலை. நூற்றுக்கணக்கான மரண தண்டனைக் கைதிகளைக் கடைசிவரை உடனிருந்து வழியனுப்பியவர். அவரே கிரைசாவ் வட்டத்தில் ஒருவர். அது கெஸ்டாப்போவுக்குக் கடைசிவரை தெரியாமல் போயிற்று. அவரும் மனைவியும் யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதற்காகப் பின்னாளில் இஸ்ரேல் அவர்களைக் கௌரவித்தது. 1944 செப்டம்பர் இறுதியிலிருந்து மோல்ட்கேவும் டேகலில்தான் இருந்தார். அவருக்கும் மனைவி ஃப்ரேயாவுக்கும் இடையே ஏறக்குறைய அன்றாடம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அஞ்சல்காரர் பெல்ஷாவ். அங்கியின் பையில் வரும் கடிதங்களை ஃப்ரேயா கிரைசாவ் பண்ணையின் தேன்கூட்டுப் பெட்டிகளுக்குள் மறைத்து வைத்தார். சோதனைக்கு வருகிறவன் தேனீக்களைக் கலைக்கத் துணிய மாட்டான். மோல்ட்கேவைத் தூக்கிலிட்டது ஜனவரி 23. கடிதங்கள் 2011இல்தான் முழுமையாக அச்சேறின.

அருகருகே இருந்த அறைகளில் டெல்ப், மோல்ட்கே, லூத்தரன் இறையியலாளர் ஆய்கன் கெர்ஸ்டன்மையர் ஆகியோர் ஒரே நேரத்தில் ஒரே பகுதியைத் தியானித்துச் செபிப்பதென்று செய்தி அனுப்பி ஏற்பாடு செய்துகொண்டார்கள். சபைகளின் ஒன்றிப்பு என்று பின்னாளில் மாநாடு கூட்டிப் பேசப்பட்ட காரியம் அங்கே காகிதத் துண்டில் முடிந்துவிட்டது.

நம்பிக்கையைப் பகிர்தல் என்றதும் நமக்குத் தோன்றும் படம், இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. டிசம்பரில் இளைஞர் குழு முதியோர் இல்லத்துக்குக் கேக்கோடு போவது போல. போகட்டும், நல்லதுதான். ஆனால் இந்த வரலாற்றில் ஓட்டம் எதிர்த்திசையில் இருக்கிறது. ஹம்பர்க்கில் சக்கரத்தை வரவழைத்தது தெருப் பையன்களின் கேள்வி. டேகலில் சுவருக்கு உள்ளேயிருந்து வெளியே இருப்பவர்களுக்கு நம்பிக்கை கடத்தப்பட்டது. வெளியே இருந்தவர்களின் பங்கு சுமப்பது: துணி மூட்டை, அங்கிப் பை, தேன்கூடு. காத்திருக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களிடமிருந்து மற்றவர்கள் காத்திருக்கக் கற்றார்கள்.

காத்திருப்பைப் புகழ்வது அநீதியைச் சகித்துக்கொள்ளச் சொல்வதாகாதா என்ற கேள்வி நியாயமானது. கிறிஸ்தவ வரலாற்றில் அப்படிச் சொன்ன பிரசங்கிகள் நிறைய உண்டு. இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் தம் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியது இதனோடுதான். ஹம்பர்க்காரர். 1943 ஜூலையில், அந்நகரைத் தீப்புயலாக்கிய குண்டுவீச்சின்போது விமான எதிர்ப்புப் பீரங்கியில் உதவியாளாக நிறுத்தப்பட்ட பள்ளி மாணவர். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான். ரவ்ஹெஸ் ஹவுஸின் பெரும்பகுதியும் அதே குண்டுவீச்சில்தான் அழிந்தது. போர்க்கைதியாக ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது கையில் கிடைத்த விவிலியத்தில் புலம்பல் திருப்பாடல்களைப் படித்து விசுவாசத்துக்கு வந்தவர், 1964இல் ‘நம்பிக்கையின் இறையியல்’ எழுதினார். நம்புகிறவன் உள்ள நிலைமையோடு சமாதானமாகப் போக மாட்டான், வரவிருப்பதைத் தெரிந்துகொண்டதாலேயே இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவனாகிறான் என்பது அவருடைய வாதம். டெல்ப்பும் போன்ஹோஃபரும் ஏன் சும்மா இருக்கவில்லை என்பதற்கு இதுவே விளக்கம் என்று சொல்லலாம். விக்கெர்ன் எட்டாமல் விட்ட இடமும் இதுதான்.

டேகல் அறைகளில் ஒன்றாகச் செபித்தவர்களில் கெர்ஸ்டன்மையருக்கு ஏழாண்டுச் சிறை; போரின் இறுதியில் உயிரோடு வெளிவந்தார். 1945இல் அகதிகளுக்கு உணவும் உடையும் சேர்க்க எவாஞ்சலிக்கத் திருச்சபை தொடங்கிய துயர்நீக்கப் பணிக்கு அவர்தான் தலைவர். பொதுச் செயலாளராகத் தொடக்க மாதங்களில் உடனிருந்தவர் பெல்ஷாவ். 1957இல் அந்த நிறுவனம் விக்கெர்னின் உள்நாட்டு மறைப்பணியோடு இணைந்தது. 1959 டிசம்பரில், திருவருகைக் காலத்தில், ஜெர்மன் எவாஞ்சலிக்கச் சபைகள் ‘உலகுக்கு அப்பம்’ என்ற நிதி திரட்டலைப் பெர்லினில் தொடங்கின. போருக்குப் பின் தாமே பிறநாட்டு நன்கொடையில் பசியாறியவர்கள் பிறருக்காகத் திரட்டிய நிதி அது. இன்றும் ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் அந்த உண்டியல் சபைகளில் சுற்றி வருகிறது.